மண் அடிப்பவர் பள்ளம் காட்டட்டும்

நானும் மண் அடித்தவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் சங்கிலி இழுத்தேன். ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலைப் பக்கம் புதிதாகப் போட்ட நகர் ஒன்றில் 2,400 சதுர அடி மனை வாங்கினேன். கரிசல் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் கொடுத்த மண். வெள்ளாமைக்குத் தங்கம், வீட்டுக்கு வம்பு. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும், சுவரைக் கீறும். தண்ணீரையும் லேசில் உள்ளே இறக்காது. கொத்தனார் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணடி கிராவல் அடிச்சிருங்க சார், அப்புறம் யோசிக்கவே வேணாம்" என்றார். நானும் யோசிக்கவில்லை. நாலு யூனிட் டிப்பரில் பதினெட்டு லோடு வந்து இறங்கியது.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. என் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவர் அங்கே முப்பது வருஷமாக இருப்பவர். சுற்றி எல்லாம் சோளக்கொல்லையாக இருந்தபோதே ஓட்டுவீடு கட்டிக் குடிவந்தவர். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், "அக்கா, இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மழை எப்பவும் பேயுறதுதான் தம்பி. உங்க வீட்டு மேட்டுக்கு நான் வாடகை கட்டுறேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தொழில் பழக்கம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நான் அடித்தது 72 யூனிட், அதாவது 7,200 கன அடி. ஒரு கன அடியில் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் மழைக்காலத்தில் என் மனையில் வந்து நின்று வடிந்த தண்ணீரில் 2 லட்சம் லிட்டர் வரைக்கும் நான் எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். அது ஆவியாகப் போகவில்லை. தெருவைக் கடந்து அக்காவின் அரிசி மூட்டையைத் தேடிப் போயிருக்கிறது.

ஒரு ஏக்கரை நாலடி உயர்த்தினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். 1,742 யூனிட் மண். அது விரட்டும் தண்ணீர் 49 லட்சம் லிட்டர். பத்து ஏக்கரில் லே-அவுட் போட்டால் ஐந்து கோடி லிட்டரை நெருங்குகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அனுமதி கொடுக்கிற யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

* * *

கேட்காததற்கு எங்கள் துறையும் ஒரு காரணம். ஒரு சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். நீளம் இருக்கும், அகலம் இருக்கும், மூலைக்கற்கள் இருக்கும், பக்கத்துப் புலத்தின் எண் இருக்கும். உயரம் இருக்காது. அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, பட்டாதாரர் யார், தீர்வை எவ்வளவு என்று இருக்கும். கார்த்திகை மழையில் இந்த வயலில் இடுப்பளவு நிற்கும் என்று எந்தக் கட்டத்திலும் எழுதுவதில்லை. வரிக்காக ஏற்படுத்திய கணக்கு அது. தரை எவ்வளவு என்று தெரிந்தால் வரிக்குப் போதும். வெள்ளத்துக்கோ மட்டம் ஒன்றுதான் கணக்கு.

ஓடையை நாங்கள் இரண்டு கோடாகப் போடுவோம். கோட்டுக்குள் ஓடைப் புறம்போக்கு, வெளியே பட்டா. கோட்டுக்குள் கைவைத்தால் ஆக்கிரமிப்பு. அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டத்தைத் தமிழ்நாடு 2007இல் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் எல்லை காட்டப் போய் நானே கல் நட்டிருக்கிறேன், வசவும் வாங்கியிருக்கிறேன். அங்கீகாரம் இல்லாத மனைகளை 2017இல் வரன்முறைப்படுத்தியபோதும் நீர்நிலைக்குள் விழும் மனைகளை விலக்கி வைத்தார்கள். ஆக, கோட்டுக்குள் இருக்கும் தண்ணீருக்குச் சட்டத்தின் காவல் உண்டு. கோட்டைத் தாண்டி வரும் தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. வெள்ளம் என்ற சொல்லுக்கே கோட்டைத் தாண்டியது என்றுதான் பொருள். அது வந்து நிற்கும் இடம் முழுக்க யாரோ ஒருவருடைய பட்டா நிலம்.

1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நம் கையில் இருக்கின்றன. வீட்டு அனுமதிக்குப் போனபோது பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டாய், எத்தனை மாடி, மழைநீர் சேகரிப்பு எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். எவ்வளவு மண் அடிப்பாய் என்று கேட்கவில்லை. பெரிய மனைப்பிரிவு நீர்நிலையை ஒட்டி வந்தால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிப்பட்ட சான்றுகளில் நான் படித்த வாசகம் என்ன? இடத்தை இன்ன மட்டம் வரை மண் நிரப்பி, அடுக்கடுக்காகக் கெட்டித்து, உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும் என்பது. மனை வாங்குகிறவரின் கோணத்தில் சரிதான், அவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது. எதிர்வீட்டு அக்காவுக்கு அந்தச் சான்றில் ஒரு வரிகூட இல்லை. மேடாக்கு என்று அரசே எழுதிக் கொடுக்கிறது. அந்த மேடு தள்ளிவிடும் தண்ணீருக்குப் பள்ளம் எங்கே என்று கேட்க மறந்துவிடுகிறது.

* * *

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெள்ளம் இரண்டு விதமாக வரும். கொள்ளிடத்து வெள்ளம் கர்நாடகத்து மழையில் பிறந்து, ஆடி ஆவணியில், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போது வரும். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் திருப்பிவிட்டு, திருமழபாடி வந்து சேரும் முன்பே நமக்குச் செய்தி வந்துவிடும். மருதையாறு, சின்னாறு, வெள்ளாறு, பேர் தெரியாத நூறு ஓடைகள் இவையெல்லாம் வேறு சாதி. பத்து மாதம் ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் எழுந்துவிடும். சொல்லிக்கொண்டு வராது.

அப்படி எழுந்த ஒரு ராத்திரிதான் 1956 நவம்பர் 23. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைக் குலைத்துவைத்திருந்தது. விடிகிற நேரத்தில் சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அதில் இறங்கியது. நூற்றுக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவருடைய ராஜினாமாவைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகச் சொல்கிறோம். ஆற்றின் பாடத்தைச் சொல்வதில்லை. வெள்ளம் பரவும் படுகைக்குக் குறுக்கே எந்த மண்மேட்டைப் போட்டாலும், ரயில் பாதையோ சாலையோ மனைப்பிரிவோ, தண்ணீரின் கண்ணுக்கு அது கரைதான். திறப்பு போதாத கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறும், வேகம் எடுக்கும், கிடைத்த வழியில் அரித்துக்கொண்டு போகும். அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி பிறந்தது 2007 நவம்பர் 23. நாள் தற்செயலாக ஒத்துப்போயிற்று. இருந்தாலும் மாவட்டத்தின் பிறந்தநாளும் அந்த நினைவுநாளும் ஒன்று என்பதை, மனைப்பிரிவுக் கோப்பில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு மேசையிலும் எழுதி வைக்கலாம்.

என் சொந்த ஊர் திருமானூர் ஒன்றியத்தில் கொள்ளிடத்து வடகரை. அப்பா பொதுப்பணித் துறையில் கரை லஸ்கர். வெள்ளக் காலத்தில் வீட்டுக்கு வரமாட்டார். பெட்ரோமாக்ஸ், சாக்கு, சவுக்குக் கம்பு, வைக்கோல் பிரி சகிதம் கரையிலேயே கிடப்பார். எலி வளை, நண்டு வளை வழியாகக் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசியும். "தெளிஞ்சு வந்தா தூங்கலாம், கலங்கி வந்தா ஊரை எழுப்பணும்" என்பார். கலங்கல் என்றால் தண்ணீர் கரைக்குள் இருக்கும் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். அவர் இன்னொன்றும் சொல்வார்: கசிவைவிட எதிர்க்கரைக்காரனைத்தான் ராத்திரியில் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். எதிர்க்கரை உடைந்தால் நம் கரை தப்பும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மண்வெட்டியோடு யாராவது தோணி ஏறி வந்துவிடக் கூடாது. நம்மைப் போலவே அங்கேயும் ஒரு லஸ்கர் பெட்ரோமாக்ஸோடு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று சொல்லிச் சிரிப்பார்.

கரை என்பதன் முழு நியாயமும் அநியாயமும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. கரை வெள்ளத்தைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு பக்கம் உயர்த்தினால் எதிர்ப்பக்கம் ஏறும், மேலே நெருக்கினால் கீழே பெருகும். ஆற்றின் மட்டம் கரைக்குள் உயர்ந்துவிட்டால், பக்கத்திலிருந்து வந்து சேரும் ஓடைகளுக்கு வாய் அடைபடும். தண்ணீர் எதிரேறி, ஆற்றைக் கண்ணாலே பார்க்காத ஊரின் வயலில் போய் நிற்கும்.

பீகார் இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. 1954இல் அங்கே ஆற்றுக்கரைகளின் நீளம் 160 கிலோமீட்டர். வெள்ளம் தாக்கும் பரப்பு 25 லட்சம் ஹெக்டேர். கரைகள் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிய காலத்தில் வெள்ளப் பரப்பு சுருங்கவில்லை, 68 லட்சம் ஹெக்டேராகிவிட்டது. 2008 ஆகஸ்டில் கோசி நதி நேபாளத்துக் குசஹாவில் கரையை உடைத்துக்கொண்டு பழைய தடத்தில் பாய்ந்தபோது, கரையை நம்பிக் குடியேறிய லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் ஆற்றுக்குள் இருந்தார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பிக்குக் கரை மட்டும் போதும் என்று பல காலம் பிடிவாதமாக இருந்தார்கள். 1927 வெள்ளம் அந்தப் பிடிவாதத்தை உடைத்தது. அதற்கப்புறம்தான் ஆறு பெருகினால் திறந்துவிட வெள்ளப் போக்கிகளை வெட்டினார்கள். நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நைமேகன் நகரத்துக்கு எதிரே ஆற்றின் கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். கடலையே கரை போட்டுத் தடுத்த நாடு அது.

நமக்கு இதைக் கற்றுக்கொள்ள நெதர்லாந்து போக வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரிக் கரையில் நின்றால் போதும். ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் அது. மைல் கணக்கில் கரை போட்டவர்கள் கலிங்கு வைக்க மறக்கவில்லை. எந்த ஏரியை எடுத்தாலும் அதுதான் இலக்கணம்: கரை, மதகு, கலிங்கு. மிஞ்சும் தண்ணீர் இன்ன மட்டத்தில், இன்ன இடத்தில், இன்ன ஓடை வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் என்று முடிவு செய்த பிறகுதான் முதல் கூடை மண்ணைக் கொட்டியிருப்பார்கள். பெரம்பலூரில் ஓர் ஏரிக்கு வெள்ளந்தாங்கி அம்மன் ஏரி என்றே பெயர். வெள்ளத்தைத் தாங்க ஓர் இடம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர். கொள்ளிடத்துக்கும் எங்கள் பக்கம் சொல்லும் பொருள் அதுதான்: காவிரி கொள்ளாததைக் கொள்ளும் இடம். கலிங்கு இல்லாத கரையை நம் முன்னோர் கரை என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். நாமோ கலிங்கு இல்லாத மேடுகளை நகர் நகராகப் போட்டு, வளைவு வைத்து, பெயர்ப்பலகை மாட்டுகிறோம்.

* * *

என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். நாலு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, நில ஆவணத்துக்கு உயரம் வேண்டும். தமிழ்நிலம் தளத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் பட்டா வருகிறது, புலப்படம் வருகிறது. அதே பக்கத்தில் இந்தப் புலத்தின் தரைமட்டம் இவ்வளவு, இதுவரை பார்த்த உச்ச வெள்ளம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் வரட்டும். மட்டம் எடுக்க இன்றைக்குக் கருவி இருக்கிறது, வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் காட்ட ஊருக்கு ஊர் கிழவர்கள் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர் பார்ப்பார், கடன் கொடுக்கும் வங்கி பார்க்கும், விலை தானாகத் தன் இடத்துக்கு வரும். மத்திய அரசு வெள்ளச் சமவெளியை மண்டலமாகப் பிரிக்க 1975இலேயே ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. எங்கே கட்டவே கூடாது, எங்கே கட்டுப்பாட்டோடு கட்டலாம், எங்கே எச்சரிக்கை போதும் என்று பிரிப்பது அதன் சாரம். மணிப்பூர் 1978இல் சட்டம் போட்டது. ராஜஸ்தான் 1990இல், உத்தராகண்ட் 2012இல். ஏரி சோறு போட்டு வளர்த்த தமிழ்நாடு இந்த வரிசையில் இல்லை.

இரண்டாவது, இதுதான் நான் தொண்டை வறளச் சொல்லிவருவது: மண் அடிப்பவர் பள்ளம் காட்டட்டும். வெள்ளம் பரவும் இடத்தில் எத்தனை கன அடி மண் கொட்டுகிறாரோ அத்தனை கன அடி இடத்தை அதே ஓடையின் படுகையில் முதலில் வெட்டிக் காட்டிவிட்டுப் பிறகு கொட்டட்டும். இங்கிலாந்தில் வெள்ளப் படுகையில் மேடாக்க அனுமதி கேட்பவரிடம் மட்டத்துக்கு மட்டம், கொள்ளளவுக்குக் கொள்ளளவு ஈடு கேட்கிறார்கள். அமெரிக்காவில் வெள்ளம் ஓடும் தடம் என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் மண் கொட்டுவதானால், அதனால் வெள்ள மட்டம் ஏறாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லே-அவுட்டின் மூலையில் இருபதடிக்கு ஒரு கிணறு மாதிரித் தோண்டிவிட்டுப் பள்ளம் காட்டிவிட்டேன் என்று ஒருவர் சொல்லலாம். அந்தப் பள்ளம் முதல் மழையிலேயே நிரம்பிவிடும். வெள்ளம் வரும் நேரத்தில் அதில் ஒரு செம்பு தண்ணீருக்கு இடம் இருக்காது. ஏரியைத் தூர் வாரி அந்த மண்ணை அடிக்கிறேன் என்பதும் நல்ல யோசனை மாதிரி இருக்கும். பாசனத்துக்கு நல்லதுதான், ஆனால் கலிங்கு மட்டம் வரை ஏற்கெனவே நிரம்பிய ஏரி வெள்ளத்துக்கு ஈடாகாது. வெள்ளம் எந்த உயரத்தில் வருகிறதோ அந்த உயரத்தில், வரும் நேரத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடம்தான் கணக்கில் சேரும். அப்படிப்பட்ட இடத்தை வீணாகப் போட வேண்டியதில்லை. வெள்ள மட்டத்துக்குக் கீழே விளையாட்டுத் திடல் இருக்கலாம், சந்தைத் திடல் இருக்கலாம், புல் வளரலாம், ஆடு மேயலாம். வருஷத்தில் நாலு நாள் தண்ணீர் நிற்கட்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலே மருத்துவமனையையும் மின் நிலையத்தையும் நூறாண்டு வெள்ளத்துக்கு மேலே வைக்கச் சொல்கிறது, பூங்காவையும் திடலையும் தாழ்வான இடத்துக்கு விட்டுவிடுகிறது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். ஊரின் தாழ்வான இடம்தான் அரசு நிலமாக மிஞ்சியிருக்கிறது என்று அலுவலகங்களை அங்கே கட்டி, அதற்கும் மண் அடிக்கிறோம்.

மூன்றாவது, கூட்டிப் பார்க்க ஒரு பதிவேடு. ஒருவர் அடிக்கும் 72 யூனிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று எந்த அதிகாரியும் நியாயமாகவே சொல்லலாம். எங்கள் நகரில் நூற்றுப் பத்து மனை. எல்லோரும் அதே 72 அடித்தால் கிட்டத்தட்ட 8,000 யூனிட். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகக் குற்றமற்றது, மொத்தமாகப் பார்த்தால் ஓர் ஓடையையே மூடியிருக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் பயிருக்கு அடங்கல் எழுதுகிறாரே, அது மாதிரி மேட்டுக்கும் ஒரு கணக்கு எழுதட்டும். இந்த ஓடைப் படுகையில் இதுவரை இவ்வளவு மண், இவ்வளவு பள்ளம் என்று இரண்டு பத்தி போதும். வித்தியாசம் கூடினால் அடுத்த அனுமதி நிற்க வேண்டும். கனிமம் எடுத்த இடத்தில் மண்ணுக்கு நடைச்சீட்டு கேட்கிறோம். அது போய் இறங்கும் இடத்தில் சீட்டு கேட்பதில்லை. எடுத்த கணக்கு இருக்கிறது, போட்ட கணக்கு இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைந்த அரியலூரில், தோண்டிய மண்ணை மலையாகக் குவித்தும் அணைபோட்டும் வைக்கும் மாவட்டத்தில், போட்ட கணக்கு இல்லாமல் இருப்பது சின்ன ஓட்டையல்ல.

சாலையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை வளர்ந்தால், இரு பக்கமும் வீடுகள் குழிக்குள் போகும். பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அது தெருக்கோடி வரை நடந்தால் பாதிப் பேருக்கு மண் அடிக்கும் தேவையே வராது. சாலை ஏறியதால் வீடு ஏறுகிறது, வீடு ஏறியதால் பக்கத்து வீடு ஏறுகிறது. கடைசியில் ஏற முடியாதவர் யாரோ அவர் வீட்டில் தண்ணீர்.

நாலாவது, கரை போடுவதற்கு முன் எதிர்க்கரையைக் கேட்க வேண்டும். தனியார் தங்கள் நிலத்தைக் காக்கப் போடும் வரப்பானாலும், அரசு கோடிக்கணக்கில் உயர்த்தும் கரையானாலும், எதிர்ப்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் மட்டம் எவ்வளவு ஏறும் என்ற கணக்கை அந்தந்த ஊர்க் கிராமசபையில் வைத்துப் படிக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு நடுவே தீவு போல இருக்கும் மேலராமநல்லூர் மாதிரி ஊர்களுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். இரு பக்கக் கரையும் உயர்ந்தால் நடுவில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்? கரை வேண்டாம் என்று லஸ்கர் மகன் சொல்லமாட்டான். 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போன செய்தி கேட்டு, நானும் கரைக்குத்தான் முதலில் போன் போட்டேன். கரை இருக்கட்டும். யார் தலையில் கரை போடுகிறோம் என்பது தெரிந்து இருக்கட்டும்.

* * *

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. சீட்டுப் போட்டு, நகையை விற்று ஒன்றரை சென்ட் வாங்குகிற ஏழை பள்ளத்துக்கு எங்கே போவார்? மேட்டு நிலமெல்லாம் வசதிக்காரர் வாங்கிவிட்ட பிறகு மிச்சமிருப்பது தாழ்ந்த இடம்தானே? விதி போட்டால் அது இவரைத்தானே முதலில் பிடிக்கும்? பிடிக்கும். விதிகள் எப்போதும் கைக்கு எட்டுகிறவரைத்தான் பிடிக்கின்றன. அதனால்தான் பாரத்தை மனைப்பிரிவு போடுகிறவர்மேல் வைக்கச் சொல்கிறேன். பத்து ஏக்கரைத் துண்டு போட்டு விற்கிறவர் பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் விடுகிறாரே, வெள்ளத்துக்கும் ஒரு திடலை விட்டுவிட்டு விற்கட்டும். தனி வீடு கட்டுகிறவருக்கு ஊராட்சியோ நகராட்சியோ பொதுவான பள்ளம் வெட்டி வைக்கட்டும். அவர் ஒரு சிறு கட்டணத்தோடு போகட்டும்.

வீட்டை உயர்த்தவும் வழி இருக்கிறது, நிலத்தை உயர்த்தாமல். எங்கள் கொள்ளிடக்கரை வீடுகளில் கடைக்கால் உயரமாக இருக்கும். திண்ணைக்கு நாலு படி ஏற வேண்டும். தெருவும் கொல்லையும் இருந்த மட்டத்திலேயே இருக்கும். தண்ணீர் வந்தால் கொல்லையில் நின்றுவிட்டுப் போகும். கட்டடத்துக்கு அடியில் மட்டும் மேடு, சுற்றிலும் தாழ்வு. மனை முழுக்கச் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் மேடாக்குவது டிப்பர் வந்த பிறகு வந்த வழக்கம். முன்பு கூடையில் சுமந்த காலத்தில், தேவைக்கு மேல் ஒரு கூடை மண் யாரும் கொட்டியதில்லை.

போன சித்திரையில் நான் ஒரு காரியம் செய்தேன். வீடு நிற்கும் ஆயிரம் சதுர அடி போக மீதி ஆயிரத்து நானூறு சதுர அடியில் அடித்திருந்த கிராவலை எடுக்கச் சொன்னேன். 42 யூனிட் வந்தது. கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காசு கொடுத்துப் போட்டதைக் காசு கொடுத்து எடுக்கிறவரை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். எடுத்த மண்ணை எங்கே கொண்டுபோகிறாய் என்று டிப்பர்காரத் தம்பியைக் கேட்டேன். "பைபாஸ் பக்கம் ஒரு புது நகர் சார், ரொம்பப் பள்ளம், நிறைய கேக்குறாங்க" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. விதி இல்லாத ஊரில் ஒருவன் தனியாகத் திருந்தினால் இவ்வளவுதான் நடக்கும்.

இப்போது என் வாசலுக்கு ஆறு படி. முட்டிவலியோடுதான் ஏறி இறங்குகிறேன். முன்வாசலிலும் கொல்லையிலும் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் லிட்டருக்கு இடம் காலியாக இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். படியை எண்ணினார். "ஐப்பசி வரட்டும் தம்பி, வாடகை குறையுதான்னு பாப்போம்" என்றார். முழுக்கக் குறையாது. இன்னும் நூற்று ஒன்பது மனை இருக்கிறது.